அல்லா வச்ச பேரு

வீடு பூட்டிக் கெடந்தா கெடக்கட்டும், நீ ஏம்புள்ள பதறுற? நான் என்ன ஓடியா போகப் போறேன். விடியக்காலையில பஸ் ஏறுனவ. ஆட்டோக்காரன்கிட்ட வாயக் கொடுத்து, கீழ அந்த வாட்ச்மேன்கிட்ட யாரைப் பாக்கணும், என்ன பேரு, எத்தனாம் மாடின்னு ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லி, இங்க வந்து நின்னா பூட்டு. நல்ல வேளை, எதுத்த வீட்டுல நீ இருந்த. அந்த வாட்ச்மேனை 'என் மகன் வீட்டுக்கு வாறேன், என்னைய நீ யாருடா கேக்குறதுக்கு'ன்னு ஒரு சத்தம் போட்டேன். பாவம், நாற்காலிய விட்டு எந்திரிச்சு நின்னுட்டான்.

காபியெல்லாம் வேணாம், தண்ணி போதும். போட்டுட்டியா? சரி, கொடு. சீனி போட்டுறாத, எனக்குச் சக்கரை இருக்கு. அரைக் கரண்டி போடு. இன்னும் கொஞ்சம் போட்டா ஒண்ணும் ஆகிறாது.

போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்லன்னு கேக்குற. போன் பண்ணுனா வரவேணாம்னு சொல்ற ஆளு இல்ல புள்ள சின்னவன். 'நாங்களே வாறோம் உம்மா, நீங்க ஏன் அலையணும்'னுவான். பேரன் பொறந்து ஒன்றரை வருசமா இதே பாட்டுத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சா போன் வந்துரும். மாத்திரை சாப்பிட்டீங்களா, கால் வீக்கம் வத்துச்சா, வேலைக்கு வர்ற புள்ள ஒழுங்கா வருதா, அத்தனையும் கேப்பான். புள்ளையக் கூட்டிக்கிட்டு ஒரு எட்டு வாடான்னா மட்டும், 'பாக்கலாம் உம்மா.' என்னத்தப் பாக்க? நான் மவுத்தான பெறகா வந்து பாக்கப் போற?

அதான் சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டேன். என் பேரன நான் பாக்கணும். பேரு வச்ச அன்னிக்கு மடியில வச்சதோட சரி. பாக்கணும், அவனுக்கு வைக்க வேண்டிய பேர வைக்கச் சொல்லணும். பேர மாத்துறதெல்லாம் இப்பப் பெரிய காரியமா? அத முடிக்காம நான் ஊரு திரும்புறதா இல்ல. துணிமணியெல்லாம் சேத்துத்தான் எடுத்தாந்திருக்கேன்.

முழுசாச் சொல்றேன், நீயே நியாயம் சொல்லு. நீ வேதக்காரப் புள்ளதானே? சுவத்துல சிலுவையப் பாத்தேன். அப்ப உனக்குச் சொன்னாப் புரியும். எங்கள்ல யஹ்யா நபின்னு ஒருத்தரு. நீங்க யோவான்னு சொல்றீங்களாமே, ஆத்துத் தண்ணியில எறங்கி ஞானஸ்நானம் கொடுத்தவரு, அவருதான் இவருன்னு எங்க அசரத்து சொல்லுவாக. அசரத்துன்னா பள்ளிவாசல்ல தொழ வைக்கிறவுக. அந்த யஹ்யா நபி பேரத்தான் என் மூத்த புள்ளைக்கு வச்சிருந்தேன்.

வச்சிருந்தேன்னு சும்மாவா சொல்றேன்? வாங்குனேன் புள்ள அந்தப் பேர. கல்யாணம் ஆகி எனக்கு வயித்துல ஒண்ணுமே தங்கல. என்கூட மாலை போட்டவ எல்லாம் புள்ளையப் பெத்து மதரசாவுக்கு அனுப்பிட்டா. அவுக, அதான் என் வீட்டுக்காரவுக, பினாங்குல கடை வச்சிருந்தாக. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போவாக. வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் எங்க மாமியா என் காதுபடவே, 'மகனுக்கு வேற எடம் பாக்கட்டுமா'ன்னு அக்கம்பக்கத்துல கேப்பா. நான் போகாத தர்கா இல்ல. கட்டாத நேர்ச்சை இல்ல.

அப்பத்தான் அசரத்து வீட்டம்மா ஒரு துஆ சொல்லிக் கொடுத்துச்சு. ஜக்கரியா நபி கேட்ட துஆ. அவருக்கு முடியெல்லாம் வெளுத்துப் போச்சு, எலும்பு தளந்து போச்சு, பொஞ்சாதிக்குப் புள்ளை பொறக்காதுன்னு ஆகிப் போச்சு. யாரு காதுலயும் விழாம, மெதுவா, ரப்புகிட்ட மட்டும் கேட்டாராம். என்னைய ஒண்டியா விட்டுறாதன்னு. அதுக்கு அல்லா, உனக்கு ஒரு ஆம்பளப் புள்ள தாறேன், அவன் பேரு யஹ்யா, அவனுக்கு முந்தி அந்தப் பேர நான் யாருக்கும் வச்சதில்லன்னு சொன்னானாம். பாத்தியா? புள்ளையவும் கொடுத்து, பேரையும் அவனே வச்சுட்டான். பாட்டன் பேரு இல்ல, பூட்டன் பேரு இல்ல. உலகத்துல அதுக்கு முந்தி ஒரு ஆளு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டது கெடையாது. அல்லா வச்ச பேரு அது.

அர்த்தம் என்னன்னு அசரத்துகிட்ட கேட்டேன். எனக்கு எதையும் தெளிவாத் தெரிஞ்சுக்கிடணும். உசுரோட வாழுறவன்னு சொன்னாக. மலட்டு வயித்துக்கு உசுரு வந்துச்சு, அதனாலன்னு சொல்றவுக உண்டாம். அவரு சொல்லக் கேட்டுச் செத்துப் போன மனசெல்லாம் பொழைச்சுச்சு, அதனாலன்னு சொல்றவுகளும் உண்டாம். உண்மையச் சொல்லி வெட்டுப்பட்டுப் போனாருல்ல, அப்படிப் போனவங்களுக்குச் சாவில்ல, அதனாலன்னும் சொல்லுவாகளாம். யூதருங்க பாஷையில இருந்து வந்த பேருன்னும் ஒரு பேச்சு இருக்கு, அதுல அர்த்தம் வேறயாம். என்ன சொன்ன? கர்த்தர் கிருபை செஞ்சாருன்னா? ஆங், அதுவும் பொருத்தந்தான். எனக்கும் கிருபதானே செஞ்சான்.

அந்த துஆவ ஓதி ஓதி நாக்கு வறண்டு போச்சு. அந்தத் தடவை அவுக பினாங்கு போயி ரெண்டு மாசத்துல எனக்கு வாந்தி. ஆம்பளப் புள்ளை. மாமியா அவ மாமனாரு பேர வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. 'நீங்க கொடுத்த புள்ளையா இது, நீங்க பேரு வைக்க? பேரோட வந்த புள்ளை இது'ன்னு சொல்லிட்டேன். அதுதான் நான் அவள எதுத்துப் பேசுன மொதப் பேச்சு. அப்புறம் நெறையப் பேசிருக்கேன், அது வேற கதை.

எப்படி இருப்பான்னு நெனைக்கிற? தெரு முக்குல வரும்போதே 'உம்மோ'ன்னு ஒரு சத்தம் வரும். தெருவுல இருக்குற அத்தனை உம்மாவும் எட்டிப் பாப்பா. மீசை மொளைச்ச பெறகும் என் கையால பெசைஞ்சு உருட்டிக் கொடுத்தாத்தான் அவனுக்குச் சோறு எறங்கும். பள்ளிவாசல்ல பாங்கு சொன்னான்னா அந்த அசரத்தே கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பாக. வீட்டுக்கு யாரு வந்தாலும் நான் அவனப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு இந்தப் பேருக் கதையத்தான் சொல்லுவேன். அவன் வெக்கப்பட்டு, 'போதும்மா, விடுங்கம்மா'ன்னு எந்திரிச்சு ஓடுவான்.

சின்னவனா? அவன் பொறந்தது ஏழு வருசம் கழிச்சு. நான் கேக்கவும் இல்ல, எதிர்பாக்கவும் இல்ல. மூத்தவனுக்குச் சுன்னத்துக்கு நாள் பாத்துக்கிட்டு இருக்கேன், இவன் வயித்துல. நல்லா நேரம் பாத்து வந்தான் போ, அந்த வேலைக்கு நடுவுல. இவனுக்கு நான் பேரு கூட யோசிக்கல. அவுக வாப்பாதான் பினாங்குல இருந்து போன்ல சொன்னாக. நம்ம நாயகத்துக்குச் சின்ன வயசுலேருந்து கூடவே இருந்து ஊழியம் பாத்த தோழரு ஒருத்தரு பேரு, அத வையின்னாக. சரின்னுட்டேன்.

ஒரு தடவை கேட்டான், சின்னப் புள்ளையில. வந்தவங்ககிட்ட நான் மூத்தவன் பேருக் கதையச் சொல்லி முடிச்சு, அவங்களும் போயிட்டாங்க. இவன் அடுப்படிக்கு வந்து என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு, 'உம்மா, என் பேருக்கு என்ன அர்த்தம்மா'ன்னான். எனக்கு உலை பொங்கி வழியுது. 'உங்க வாப்பா வச்சது, வாப்பா வந்தா கேளு'ன்னு சொல்லிட்டேன். வாப்பா வர இன்னும் வருசம் கெடந்துச்சு. கேட்டானோ, மறந்துட்டானோ, யாருக்குத் தெரியும். இதெல்லாம் எதுக்கு உன்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்? வெசயத்துக்கு வாறேன்.

மூத்தவனுக்குப் பத்தொம்பது. சின்னவன அடுத்த ஊரு ஆஸ்டல்ல போட்டிருந்தோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு விட்டாங்க. மத்த புள்ளைகளோட பஸ்ஸுல வாடான்னா, இவன் போன்ல ஒரே அழுகை. 'காக்காவ அனுப்புங்க உம்மா, நான் பைக்குலதான் வருவேன்.' எங்கள்ல அண்ணனக் காக்கான்னுதான் கூப்பிடுவோம். இவன் கண்ணு கலங்குனா மூத்தவனுக்குத் தாங்காது. பாதிச் சோத்துல கையக் கழுவிட்டு, சட்டைப் பித்தான் கூடப் போடாம வண்டிய எடுத்துட்டான். நான் வாசல்ல நின்னு 'மெல்லப் போ வாப்பா'ன்னேன். கடற்கரை ரோட்டுல லாரி.

என்னத்தச் சொல்ல. வாழுறவன்னு பேரு. மய்யித்தா தூக்கிட்டு வந்தாங்க. நான் பேச்சு மூச்சு இல்லாமக் கெடந்தேனாம். அந்த அமளியில சின்னவன் நெனப்பு யாருக்கும் இல்ல. அவன் அங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு ஆஸ்டல் வாசல்லயே நின்னிருக்கான். எல்லாப் புள்ளையும் போயிட்டாங்க, இவன் மட்டும் நிக்கிறான். பொழுது எறங்குனப்புறம் வார்டன் பஸ் ஏத்தி விட்டிருக்காரு. தெருவுல கூட்டத்தப் பாத்துட்டு, பெருநாளுக்குத்தான் ஆளு வந்திருக்காகன்னு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள வந்தானாம். யாரோ சொன்னாக.

ஆனா ஒண்ணு சொல்றேன் புள்ள. உன்னாலதான்டா போனான்னு அவன ஒரு வார்த்தை, ஒத்த வார்த்தை சொல்லிருப்பேனா? எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரு. வருசா வருசம் மூத்தவன் மவுத்தான நாளுல கத்தம் ஓதும்போது வர்றவங்க எப்படி ஆச்சுன்னு கேக்கத்தான் செய்வாங்க. 'தம்பி அழுதான்னு கூட்டியாரப் போனான், போன புள்ள வரல'ன்னு நடந்ததச் சொல்லுவேன். நடந்தது அதானே? சின்னவன் அங்கேயேதான் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கிட்டு நிப்பான். அவன் மொகத்தப் பாத்து ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ்வளவு பக்குவமா நடந்துக்கிட்டவ நான்.

இப்பச் சொல்லு. அந்தப் பேரு எனக்குத் திரும்ப வேணும்னு நான் நெனச்சது தப்பா? இவனுக்குக் கல்யாணம் ஆன அன்னிக்கே மனசுக்குள்ள முடிச்சுப் போட்டு வச்சிட்டேன், மொதப் பேரன் யஹ்யான்னு. கேக்கணும்னு கூடத் தோணல. இதுல கேக்க என்ன இருக்கு? பேரன் பொறந்துட்டான்னு போன் வந்ததும் தெரு பூரா, 'யஹ்யா வந்துட்டான், யஹ்யா வந்துட்டான்'னு சொல்லிக்கிட்டே வீடு வீடா அல்வா கொடுத்தேன்.

எங்கள்ல தலைப்பிரசவம் பொண்ணு வீட்டுலதான். ஏழாம் நாளு புள்ளைக்குத் தலைமுடி எறக்கி, ஆடு அறுத்து, பேரு வைப்பாக. அசரத்து புள்ளை காதுல மூணு தடவை பேரச் சொல்லுவாக. சம்பந்தி வீட்டுக்கு நானும் எங்க ஆளுகளும் ஒரு வேன் பிடிச்சுப் போனோம். ஆம்பளைங்க எல்லாம் கூடத்துல. நாங்க திரைக்கு இந்தப் பக்கம். அசரத்து புள்ளைய வாங்கி மடியில வச்சுக்கிட்டு, 'பேரு என்ன வைக்கப் போறீங்க'ன்னாக. நான் இங்க இருந்தபடியே 'யஹ்யா'ன்னேன், நல்லா சத்தமா. சின்னவன் திரும்பிக் கூடப் பாக்கல. 'இல்ல அசரத்து, அனஸ்'ங்குறான்.

நீ தினம் கூப்பிடுறியே, அதே பேருதான். அது யாரு பேருன்னு உனக்குத் தெரியுமா? தெரியாதா? வாசல்ல பேரு எழுதலையா? அடப் பாவமே. அது அவன் பேரு புள்ள! சின்னவனோட பேரு! பெத்தவன் கல்லுக் குண்டாட்டம் உக்காந்திருக்கான், அவன் பேரையே எடுத்து அவன் புள்ளைக்கு வைக்கிறான். எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? பாட்டன் பேர வைப்போம், மவுத்தாப் போனவங்க பேர வைப்போம், நல்லடியாருங்க பேர வைப்போம். தன் பேரைத் தன் புள்ளைக்கு எவனாவது வைப்பானா?

கூடம் பூரா சிரிச்சிருச்சு. அசரத்தும் சிரிச்சுக்கிட்டே, 'தம்பி, அது உங்க பேருல்ல'ன்னாக. அதுக்கு இவன் என்ன சொன்னான்னு நெனைக்கிற? 'ஆமா அசரத்து. ஆனா அது புதுசாத்தான் இருக்கு. யாரும் கூப்பிட்டுப் பொழங்கல'ங்குறான். எங்க ஆளுக பூரா என்னையவே பாக்குறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அசரத்து தாடியத் தடவிக்கிட்டே, 'இப்படி வைக்கக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லி, அந்தப் பேரையே காதுல ஓதிட்டாக. முடிஞ்சிருச்சு.

நான் விடுவேனா? எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாக. புள்ளைய என் மடியில போட்டுட்டு மருமவ தலை வாரப் போயிட்டா. மொட்டைத் தலையில சந்தனத்தோட கெடக்கான் பூ மாதிரி. அந்த நெத்தியும் மூக்கும் அப்படியே மூத்தவன். குனிஞ்சு அவன் காதுல, யஹ்யா, யஹ்யா, யஹ்யான்னு மூணு தடவை சொன்னேன். அல்லா வச்ச பேரத்தானே சொன்னேன்? நிமுந்து பாக்குறேன், நெலப்படியில சின்னவன் நிக்கிறான்.

சண்டை போட்டிருந்தாக் கூட எனக்கு மனசு ஆறிருக்கும். சத்தம் போடல. வந்து குனிஞ்சு, என் மடியில இருந்து புள்ளைய ரெண்டு கையாலயும் எடுத்துக்கிட்டான். 'இவனையாவது விட்ருங்க உம்மா'ன்னான். அவ்வளவுதான். போயிட்டான். அன்னிக்கு இருந்து புள்ளைய என் கண்ணுல காட்டல.

இவனையாவதுன்னா என்ன புள்ள அர்த்தம்? ஒன்றரை வருசமா நெனைச்சு நெனைச்சுப் பாக்குறேன். நான் யாரைப் பிடிச்சு வச்சிருக்கேன், விடுறதுக்கு?

என்ன கேக்குற? வீட்டுல நாங்க அவன என்ன சொல்லிக் கூப்பிடுவோம்னா? மத்தவங்க சின்னவன்னு கூப்பிடுவாங்க. நான் யஹ்யான்னுதான் கூப்பிடுவேன்.

ஏன் அப்படி முழிக்கிற? அதுவும் நானா வேணும்னு செய்யல. மூத்தவன அடக்கிட்டு வந்து மூணாம் நாளு. வீடு நெறைய ஆளு. எனக்குத் தொண்டை காஞ்சு கெடக்கு. 'யஹ்யா, ஒரு செம்பு தண்ணி கொண்டா'ன்னு வாயில வந்துருச்சு. பழக்கம். ஒரு பொம்பளை ஓன்னு அழுதுட்டா. சின்னவன் மூலையில உக்காந்திருந்தவன் எந்திரிச்சுப் போயி தண்ணி மோந்துக்கிட்டு வந்து, 'இந்தாங்க உம்மா'ன்னான். பன்னெண்டு வயசுப் புள்ள. எனக்கு அந்தத் தண்ணி எப்படி எறங்குச்சுன்னு உனக்குச் சொல்லத் தெரியல. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, பதிலுக்கு ஒரு சத்தம் வருது. வேற என்ன வேணும் பெத்தவளுக்கு?

அதுக்கப்புறம் அப்படியே ஆகிப் போச்சு. யஹ்யா, மார்க்கெட்டுக்குப் போயிட்டு வா. யஹ்யா, பாங்கு சொல்லிட்டாங்க பாரு, தொழுதுட்டு வா. ஒரு நாளு ஒரு பொழுது மொகம் கோணுனதில்ல. 'என்ன உம்மா'ன்னு வந்து நிப்பான். தங்கமான புள்ள, அத நான் எங்க வேணாலும் சொல்லுவேன். அவுக வாப்பா ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தப்ப, 'அந்தப் புள்ளைக்குன்னு ஒரு பேரு இருக்குடி'ன்னு என்கிட்ட எரிஞ்சு விழுந்தாக. அந்தப் பயணம் பூரா நான் அவுககூட மொகம் கொடுத்துப் பேசல. பள்ளிக்கூடத்துல இருந்து வாத்தியாரு ஒருத்தரு வந்து, அனஸ் வீடு இதுதானான்னு கேட்டாரு. இங்க அப்படி யாரும் இல்லன்னுட்டு உள்ள வந்துட்டேன். அடுப்படி வரைக்கும் வந்த பெறகுதான் நெனப்பு வந்துச்சு. சிரிப்புத்தான் போ. இவன் நிக்காஹ்வுல மைக்குல மாப்பிள்ளை பேரச் சொல்றாக, எனக்கு யாரோ அசலூருக்காரன் கல்யாணத்துக்கு வந்து உக்காந்திருக்காப்புல இருந்துச்சு.

இப்பவும் வெள்ளிக்கிழமை போன் வந்தா, 'யஹ்யாவா'ன்னுதான் எடுப்பேன். 'ஆமா உம்மா'ன்னுதான் சொல்லுவான். போன வாரம் கூட. இப்ப நீயே யோசிச்சுப் பாரு. அவனுக்கு அந்தப் பேரு பிடிக்கலைன்னா இத்தனை வருசத்துல ஒரு தடவை வாயத் தொறந்து சொல்லிருக்க மாட்டானா? அவனுக்கு இருந்தா ஆகும், அவன் புள்ளைக்கு இருந்தா ஆகாதா? இதுல என்ன நியாயம்?

நீ என்ன சொல்ற? வாயத் தொறந்து சொல்லு, எனக்குக் கோவம் வராது.

என்னது? திரும்பச் சொல்லு.

நீ புள்ளையக் கூப்பிட்டா அவனும் திரும்பிப் பாக்குறானா? ஒவ்வொரு தடவையுமா? தெரிஞ்சும் திரும்புறானா? மருமவளும் நாளெல்லாம் அனஸ், அனஸ்னு கூப்பிடுறாளா? எங்கள்ல புருசன் பேரப் பொஞ்சாதி சொல்ல மாட்டோம். புள்ளையக் கூப்பிடுற சாக்குல இவ சொல்லிக்கிறாளாக்கும். அவ கூப்பிடும்போதும் இவன் திரும்புறான்... சிரிக்கிறானா? பைத்தியக்காரப் பய. புள்ளையக் கூப்பிட்டா இவன் எதுக்குத் திரும்பணும்? இவனுக்கு என்ன கெடைக்குது அதுல?

அர்த்தமா? அவன் பேருக்கு அர்த்தம் உனக்கு எப்படித் தெரியும்? புள்ளை பேருக்கு அர்த்தம்னு அவனே சொன்னானா? எப்ப? சும்மா மாடிப்படியில நின்னு பேசும்போதா? எனக்குத் தெரியாது புள்ள. நான் யாரையும் கேட்டதில்ல. சொல்லு, என்ன சொன்னான்.

ஒட்டுதலா.

பக்கத்துல இருந்தா மனசுக்குத் தனிமை தெரியாதாமா? அப்படிப்பட்ட துணைக்குப் பேருதான் அதுவா? யாரு சொல்லிக் கொடுத்தா அவனுக்கு? அவுக வாப்பா சொல்லிருப்பாகளா? இல்ல, அவனாத் தேடிப் படிச்சானா? படிச்சிருப்பான். அவன் அப்படித்தான், எதையும் ஒருத்தரைத் திரும்பக் கேக்க மாட்டான்.

அவுக வாப்பா மவுத்தான பெறகு நாலு வருசம் அந்தப் பெரிய வீட்டுல நானும் அவனும்தான் இருந்தோம். எனக்குக் கால் நீர் வச்சுக் கெடந்தப்ப அவன்தான் எண்ணெய் தேய்ப்பான். பக்கத்துலயே உக்காந்து படிப்பான். நான் கண்ணு முழிச்சுப் பாத்தா அங்கனதான் இருப்பான். அவன் கையப் பிடிச்சுக்கிட்டு நான் யஹ்யா, யஹ்யான்னு... சரி விடு. எனக்குக் கொஞ்சம் தண்ணி கொடு. காபி என்னமோ கசக்குது.

வண்டிச் சத்தம் கேக்குதே. அவங்கதானா? இரு, நானும் பால்கனிக்கு வாறேன். என் கையப் பிடி. இங்க நிக்கிறேன், இந்தக் காயப்போட்ட போர்வைக்குப் பின்னாடி. தெரியுது, தெரியுது. அவதான் பையத் தூக்கிக்கிட்டு முன்னால வாறா. அந்தச் சின்னது யாரு, அதுவா? யா அல்லா, நடக்குதா அது? வாப்பா வெரலப் பிடிச்சுக்கிட்டு நடக்குதே! மாஷா அல்லா, மாஷா அல்லா.

நெத்தி... இல்ல புள்ள. இது மூத்தவன் மாதிரி இல்ல. இது வேற. இது சின்னவன் சாடைதான். சின்னவன் இந்த வயசுல இப்படித்தான் இருந்தானான்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல.

நான் கூப்பிடவா? என்னன்னு கூப்பிட? இல்ல, நான் மாட்டேன்னு சொல்லல. நீ தண்ணி எடுக்கப் போனப்பவே உள்ளுக்குள்ள சொல்லிப் பாத்துட்டேன். வரல. நாக்கு அந்த ஒரே பேருக்குப் பழகிக் கெடக்கு. இப்ப வாயத் தொறந்தா அதுதான் வரும். அது வந்துச்சுன்னா அவன் 'என்ன உம்மா'ன்னு வந்து நிப்பான், நல்லாத் தெரியும் எனக்கு. வேணாம். நீ கூப்பிடு. நீ எப்பவும் கூப்பிடுற மாதிரியே கூப்பிடு. நான் வந்திருக்கேன்னு சொல்லாத. ம், கூப்பிடு.

பாத்துட்டான். ரெண்டு பேரும் பாத்துட்டாங்க. புள்ளையும் நிமுந்து பாக்குது, இவனும் பாக்குறான். சிரிக்கிறான் புள்ள. பல்லு தெரியச் சிரிக்கிறான். என் வீட்டுல இருபது வருசம் வளந்த புள்ள, நான் ஒரு தடவை கூப்பிட்டு இந்த மொகத்தோட திரும்புனதில்லையே.

பேசாத, பேசாத. போர்வைய வெலக்காத. இன்னொரு தடவை கூப்பிடு. என்னையப் பாத்தான்னா இந்த மொகம் போயிரும். அதுக்கு முன்னாடி செத்த நேரம் பாத்துக்கிடுறேன்.